விரல் நுனி மூடாத கையுறை

நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பழைய பொருட்களை அனுப்பி உதவுமாறு எமது சங்கம் கேட்டிருந்தது. புகைப்படங்கள் வந்தன. தேர்ச்சி அறிக்கைகள், தமிழ்த்தினப் போட்டிச் சான்றிதழ்கள், வலைப்பந்தாட்ட அணியின் கொடி, விடுதியில் பாவித்த அலுமினியக் கோப்பை என்று பலவும் வந்தன. அவற்றுக்கிடையே மூன்று பொதிகளில் ஒரே பொருள் இருந்தது. ஒன்று யட்டியாந்தோட்டையிலிருந்து வந்தது. மற்றொன்று நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரியிலிருந்தும், மூன்றாவது கனடாவின் டொரொன்டோவிலிருந்தும் வந்தன. மூன்றும் குரோஷே ஊசியால் பின்னிய கையுறைச் சோடிகள். மூன்றிலும் விரல்கள் இல்லை.

அனுப்பிய மூவரும் வெவ்வேறு காலத்தில் படித்தவர்கள், ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் பின்னல் ஒன்றுதான். பெருவிரலுக்கு விட்ட இடைவெளியும் ஒரே அளவு. கண்காட்சிக் குழுவில் இருந்த நாம் மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தபோது, இது எமது கைப்பணி வகுப்பின் வேலை என்பது உடனே தெரிந்துவிட்டது. பரிசளிப்பு விழா அறிக்கைகளில் இடம்பெறாத அந்தக் கையுறையின் வரலாற்றை எழுதி வைக்கவே இக்கட்டுரை.

அம்மாமார் திருத்திய மாதிரி

அறுபதுகளில் படித்த அக்காமார் சொல்லக் கேட்டது இது. கைப்பணி வகுப்பில் முதலில் பின்னியது ஐந்து விரலும் மூடிய கையுறைதான். ஆங்கிலப் பின்னல் புத்தகத்தில் இருந்த மாதிரி அது. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகக் கண்ணி எடுத்து, சுற்றிச் சுற்றிப் பின்னி முடிக்க ஒரு தவணை முழுவதும் போய்விடும். தவணை விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போகும் பிள்ளைகள் அதைத் தாய்மாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

விடுமுறை முடிந்து வந்ததும் டீச்சர் விசாரித்தார். ஒருத்தி எழுந்து, "அம்மா போட்டுப் பாத்தாங்க டீச்சர். வெரல மூடிட்டா கொழுந்து எப்புடி எடுக்கிறதுன்னு கேட்டாங்க" என்றாளாம். இன்னொருத்தி, "எங்க அப்பாயி அத அடுப்புல சட்டி எறக்க வச்சிக்கிட்டாங்க" என்றாளாம். வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். ஆனால் அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகள் புறப்பட்டபோது ஒரு வேலை கொடுத்து அனுப்பினார். அம்மாவின் கையைக் கொப்பித் தாளில் விரித்து வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு வரவேண்டும்.

அந்தத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தே டீச்சர் புதிய மாதிரியை வகுத்தார். மணிக்கட்டிலிருந்து விரல்கள் பிரியும் இடம் வரை மூடும். பெருவிரலுக்கு ஒரு வாசல். அதற்கு மேலே ஒன்றும் இல்லை. கொழுந்துக் கறை படிந்த கையை வெள்ளைத் தாளில் வைக்கத் தயங்கிய அம்மாமாரும் இருந்தார்களாம். கழுவிவிட்டு வந்து வைத்தார்களாம். கழுவினாலும் அந்தக் கறுப்புப் போகாது என்பது தோட்டத்தில் பிறந்த எமக்கெல்லாம் தெரியும்.

விரலை ஏன் மூடக்கூடாது என்று கேட்கும் வெளியூர்ச் சகோதரிகளுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறோம். தேயிலைக் கொழுந்தை நகத்தால் கிள்ளுவதில்லை. சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவே இரண்டு இலையும் ஒரு மொட்டும் அகப்பட, மெல்லத் திருப்பி ஒடிக்க வேண்டும். தளிரா முற்றலா என்று கண் பார்ப்பதற்கு முன்பே விரல் நுனி அறிந்துவிடும். குறித்த நிறை வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான் விழும். அதாவது பாதிச் சம்பளம். ஆகவே கூலி வந்தது விரல் நுனியில். அதை மூடிவிட்டு மற்றதைக் காத்துப் பயனில்லை. விரலில் வெடிப்புக் கண்டால் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு மலைக்குப் போனார்கள்.

இறப்பர் மலையில் வேலை வேறு, நியாயம் ஒன்றே. மரத்துக்குள் பாலின் அழுத்தம் விடியற்காலையில்தான் அதிகம். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டோடு எழுந்து, பால்வெட்டுக் கத்தியால் பட்டையை நூல் போலச் சீவ வேண்டும். கத்தி ஆழப் போனால் மரம் காயப்படும், மேலோடு போனால் பால் வராது. அந்த அளவைச் சொல்வதும் விரல்தான். பிறகு சிரட்டை சிரட்டையாகப் பாலைச் சேர்த்து வாளியில் சுமந்து வரவேண்டும். வாளிக் கைப்பிடி உள்ளங்கையை அறுக்கும். கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டப் பிள்ளைகள் கம்பளி நூலை விட்டுப் பருத்தி நூலில் பின்னியதற்குக் காரணம் அதுதான். தெஹியோவிட்ட, ருவன்வெல்லப் பக்கங்களில் குளிர் ஒரு பெரிய பிரச்சினை அல்ல. பலாங்கொடைக்கு மேலேயுள்ள மலைத் தோட்டங்களிலிருந்தும் இறக்குவானைப் பக்கத்திலிருந்தும் வந்தவர்களே கம்பளி கேட்டார்கள். மார்கழி, தை மாதங்களில் பிரட்டுக்களத்தில் நிற்கும்போது விரல் விறைக்கும் என்று அவர்கள் சொல்வார்கள்.

கம்பளி வந்த வழி

தோட்டத்துக்குக் கம்பளி வந்தது கையுறையாக அல்ல. 1830களிலிருந்து திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து எமது முன்னோர் கோப்பிக் காடுகளுக்கு வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்தார்கள். வெப்பநாட்டு மக்களுக்கு மலைக் குளிரைத் தாங்க ஒரு முரட்டுக் கம்பளி கொடுக்கப்பட்டது. இரவில் அதுவே போர்வை, பகலில் மழைக்கு அதுவே கொங்காணி. ஆனால் அது சும்மா கொடுக்கப்பட்டதல்ல. அரிசிபோலவே கம்பளியின் விலையும் கணக்கில் ஏறியது. வழிச் செலவு, அரிசி, கம்பளி என்று கூடிய கடனைத் 'துண்டு' என்னும் சீட்டில் எழுதி வைத்தார்கள். துண்டில் உள்ள கடனைத் தீர்க்காமல் ஒருவர் வேறு தோட்டத்துக்கு மாற முடியாது. அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1921இல். எமது பாடசாலையின் முதல் மாணவியரின் பெற்றோர் துண்டுக் காலத்தில் வேலை செய்தவர்கள் என்பதை இந்த நூற்றாண்டில் நினைத்துப் பார்க்கிறோம்.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. சில ஆண்டுகளில் கோப்பித் தொழில் விழுந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. சப்ரகமுவவின் தாழ்ந்த மலைகளுக்கோ இன்னொரு பயிர் வந்தது. 1876இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து 1,919 இறப்பர் நாற்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வளர்ந்த அந்த மரங்களின் வழியே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களெங்கும் இறப்பர் பரவியது. 1942இல் மலாயா ஜப்பானியர் கையில் விழுந்ததும் நேச நாடுகளின் இயற்கை இறப்பர் பெரும்பாலும் இலங்கையை நம்பியிருந்தது. மரத்தின் ஆயுளைப் பாராமல் பால் வெட்டச் சொன்ன காலம் அது. 1952இல் சீனாவுடன் செய்த உடன்படிக்கையில் ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி வாங்கினோம். நாடு உண்ட அந்தச் சோற்றில் யட்டியாந்தோட்டை, எகலியகொடைப் பெண்களின் விடியற்காலைகளும் இருந்தன. அப்போதும் ஆணின் சம்பளத்தைவிடப் பெண்ணின் சம்பளம் குறைவு. தோட்டத்தில் ஆண், பெண் நாட்சம்பளம் சமமானது 1984இல்தான்.

மழை நாளில் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்தால் பால் வழிந்து வீணாகும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மழை என்றால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் பேர் இல்லை. அந்த நாட்களில் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து, விடுமுறைக்கு வந்த மகளிடம் குரோஷே பழகிய அம்மாமாரும் உண்டு. குடைக் கம்பியை வெட்டி, நுனியை வளைத்து, கல்லில் தேய்த்துச் செய்த கொக்கி ஊசியைப் பலர் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

கொக்கி ஊசி வந்த வழி

குரோஷே என்பது பிரெஞ்சுச் சொல். சிறு கொக்கி என்று பொருள். ஒரு கொக்கி, ஒரு நூல், இரண்டு கை. வேறொன்றும் வேண்டாம். அதனாலேயே அது ஏழைகளின் கைக்கு வந்தது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டுப் போனார்கள். அந்தக் காலத்தில் கோர்க் நகரை அடுத்த பிளாக்ரொக்கில் உர்சுலைன் கன்னியர் குரோஷே ரேந்தை கற்றுக் கொடுத்தார்கள். குளோன்ஸ் என்ற ஊரில் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹாண்ட் 1847இல் அதைத் தொடங்கினார். விளைச்சல் அழிந்த வீடுகளில் பெண்களின் விரல் சோறு போட்டது.

இந்தப் பின்னல் மிஷனரிகளோடு கீழைத்தேசங்களுக்கும் வந்தது. ஆனால் தமிழ்ப் பெண்கள் ரேந்தை பின்னத் தொடங்கியது அதற்கும் முன்னர். நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மோல்ட் அம்மையார் 1820களில் பெண் பிள்ளைகளின் விடுதிப் பாடசாலையில் ரேந்தைப் பின்னலைப் பழக்கினார். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம் அது. ரேந்தை விற்ற பணத்தைச் சேர்த்துத் தம்மைத் தாமே விலைக்கு மீட்ட பெண்களைப் பற்றி மிஷன் பதிவுகள் சொல்கின்றன. ஓர் ஊசியால் இப்படியும் நடந்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. ஆந்திராவில் கோதாவரிக் கரையிலுள்ள நர்சாபூரில் மிஷனரிகள் பழக்கிய குரோஷே, பின்னர் பெரிய ஏற்றுமதித் தொழிலாயிற்று. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கு போய் ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் எழுதினார். நாள் முழுவதும் பின்னிய அந்தப் பெண்களை ஊரும் வியாபாரியும் தொழிலாளர் என்று சொல்லவில்லை. இல்லத்தரசிகள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்றார்கள். ஓய்வு நேரம் என்ற அந்தச் சொல்லால்தான் கூலியைக் குறைக்க முடிந்தது என்பது அவர் காட்டிய உண்மை. 2024இல் நர்சாபூர்க் குரோஷேவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெயர் கிடைத்த பிறகாவது கூலி உயரட்டும்.

எமது நாட்டில் காலிக் கரையோரத்துப் பெண்கள் தலையணைமீது மரக்கட்டைகளை ஆட்டிப் பின்னும் பீரளு ரேந்தையை அறிவோம். நாம் தமிழில் சொல்லும் ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. குரோஷே பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். சாதாரணப் பின்னலாடைக்கு இயந்திரம் உண்டு. குரோஷேயை வணிக அளவில் பின்னும் இயந்திரம் இன்னும் வரவில்லை. டொரொன்டோவிலோ லண்டனிலோ கடையில் மலிவு விலையில் ஒரு குரோஷேச் சட்டையைக் கண்டால், எங்கோ ஒரு பெண்ணின் கை அதைப் பின்னியிருக்கிறது. விலையைப் பார்க்கும்போது அந்தக் கைக்கு எவ்வளவு போயிருக்கும் என்று கணக்குப் பாருங்கள்.

தையல் போதும் என்ற காலம்

1862இல் இங்கிலாந்தின் கல்விக் கட்டளை, பெண் பிள்ளைகள் தையல் படித்தே ஆகவேண்டும் என்றது. குடியேற்ற நாடுகளின் உதவி பெறும் பாடசாலைகளும் அந்த வழியில் நடந்தன. பையன்கள் கணக்குப் படித்த நேரத்தில் பெண் பிள்ளைகள் ஓரம் தைத்தார்கள். இலங்கைத் தோட்டங்களில் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமே பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது வைத்தது. அதுவும் சிறு வயதுப் பிள்ளைகளுக்கு, தாய்மொழியில், ஒரே அறையில். பெண் பிள்ளைகளில் பலர் அந்த அறைக்கும் வரவில்லை. தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நின்றார்கள். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். நாட்டின் பிள்ளைகளுக்குத் திறந்த வாசல் எமது பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறை பிந்தித் திறந்தது.

நாங்கள் படித்த தொண்ணூறுகளிலும் தையல் போதும் என்ற எண்ணம் முழுவதும் போய்விடவில்லை. எமது பாடசாலை ஒருமுறை விஞ்ஞான ஆய்வுகூடம் கேட்டு விண்ணப்பித்தது. வந்தவை தையல் இயந்திரங்கள். கொண்டுவந்து கையளித்த அதிகாரி, தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்கு இதுதான் பிற்காலத்தில் உதவும் என்று மேடையில் பேசினார். நாங்கள் கைதட்டினோம், மேடை என்றால் கைதட்ட வேண்டும் என்று பழகியிருந்தோம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எம்மைப் பற்றி அவர் நினைத்துப் பார்க்கக்கூடிய உயரம் அவ்வளவுதான்.

அன்று மாலை விடுதியில் டீச்சர் எம்மைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. மார்கழிப் பௌர்ணமிக்குச் சிவனொளிபாத மலை யாத்திரை தொடங்குகிறது, இரத்தினபுரி வழியாகப் பலாபத்தலைக்குப் போகும் யாத்திரிகர்களுக்குக் குளிருக்குக் கையுறை வேண்டும், எத்தனை சோடி பின்னலாம் என்று கேட்டார். மலை உச்சி 2,243 மீற்றர். இரவில் ஏறுகிறவர்கள் கைத்தடியைப் பிடிக்க வேண்டும், தேநீர்க் கோப்பையைப் பிடிக்க வேண்டும், காசு எண்ண வேண்டும். விரல் நுனி மூடாத கையுறை அவர்களுக்கும் பொருந்தியது.

வியாழக்கிழமைப் பாடத்திலும், இரவுப் படிப்பு முடிந்த பிறகும் பின்னினோம். பழைய சுவெட்டர்களைப் பிரித்து, நூலை நனைத்து, கதிரை முதுகில் சுற்றிக் காயவைத்தோம். சிறியவர்கள் நூல் சுற்றினார்கள், பெரியவர்கள் பின்னினார்கள். விற்ற பணத்தில் சனிக்கிழமைகளில் தூரத்திலிருந்து வந்து விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்த ஆசிரியரின் பஸ் செலவைக் கொடுத்தோம். கடந்தகால வினாத்தாள்கள் வாங்கினோம். தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு எமது பகுதியில் இல்லாததால், சாதாரண தரத்துக்குப் பிறகு எம்மில் சிலர் வேறு மாவட்டங்களுக்குப் போய் உறவினர் வீடுகளில் தங்கிப் படித்தோம். அப்படிப் போனவர்களில் ஆசிரியைகள், தாதியர், ஒரு கணக்காளர், ஒரு மருத்துவர் என்று வந்தார்கள். தையல் இயந்திரங்களும் வீண்போகவில்லை. அவற்றில் பழகிய தோழியர் சிலர் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போய்த் தம்பி தங்கைகளைப் படிக்க வைத்தார்கள். அதையும் இந்த மலரில் சொல்ல வேண்டும். கைத்தொழில் தாழ்ந்ததல்ல. இதற்கு மேல் உனக்கு வேண்டாம் என்று கோடு போட அதைப் பாவித்ததுதான் தவறு.

கப்பலேறிய கையுறை

கோத்தகிரிப் பொதிக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எமது மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மீதியை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்தன. ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தவர்களில் ஒருத்தி அந்தப் பக்கம், ஒருத்தி இந்தப் பக்கம் ஆனாள். தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரம் போனவர்களுள் எமது பழைய மாணவியரும் இருந்தார்கள். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு நடத்திய டான்டீ தேயிலைத் தோட்டங்களில், நீலகிரியில், பலர் மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டினார்கள். சப்ரகமுவவை விட நீலகிரியில் குளிர் அதிகம். அங்கேதான் அந்தக் கையுறை உண்மையில் பாவிக்கப்பட்டது. உள்ளங்கைப் பக்கம் தேய்ந்து, வேறு நிற நூலால் இரண்டு தடவை ஒட்டுப் போட்டிருக்கிறது.

இங்கிருந்தவர்களுக்கும் அமைதி இல்லை. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. 1983இல் மறுபடியும். லயங்கள் எரிந்தன. வடக்கே போனவர்கள் போனார்கள், கடல் கடந்தவர்கள் கடந்தார்கள். நாடற்றவராய் எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைக்கு வழிசெய்த சட்டம் 2003இல்தான் வந்தது. ஓடும்போது எடுத்துச் செல்லக்கூடியவை பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் நகை, ஒரு மாற்றுத் துணி. அதற்குள் இந்தச் சிறிய பின்னலும் சிலரோடு போயிருக்கிறது.

மறந்தவர்களுக்கு, பின்னும் முறை

மூன்று கையுறைகளையும் கண்ணி எண்ணிப் பார்த்து எழுதுகிறோம். நடுத்தரத் தடிப்பான கம்பளி நூல், 50 கிராம் பந்து இரண்டு இருந்தால் மிஞ்சும். 4 மில்லிமீற்றர் குரோஷே ஊசி போதும்.

முதலில் 33 சங்கிலி போடுங்கள். ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஓர் ஒற்றைப் பின்னல். வரிக்கு 32 கண்ணி வரும். திரும்பும்போது ஒரு சங்கிலி. இரண்டாம் வரியிலிருந்து ஒரு கவனம் வேண்டும். முந்திய வரியின் ஒவ்வொரு கண்ணியின் தலையிலும் இரண்டு இழைகள் தெரியும். அவற்றில் பின்பக்க இழையில் மட்டும் ஊசியைக் குத்துங்கள். அப்போதுதான் பின்னல் வரி வரியாக மடிந்து, இழுத்தால் விரிந்து, விட்டால் கையைப் பிடிக்கும். 32 கண்ணியின் நீளம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் வரும். அதுவே மணிக்கட்டுக்குக் கீழிருந்து விரல் பிரியும் இடம் வரையான நீளம்.

வரிகளின் எண்ணிக்கையைக் கை சொல்லும். பெருவிரலை விட்டு உள்ளங்கையைச் சுற்றிப் பாருங்கள். சற்று இழுத்தால் இரு ஓரமும் சந்திக்கும்போது நிறுத்தலாம். வளர்ந்தவர்களுக்கு 28 முதல் 32 வரி வரை போகும். பிறகு முதல் வரியும் கடைசி வரியும் ஒன்றையொன்று பார்க்க மடித்து, மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து 10 சென்ரிமீற்றர் தையுங்கள். பெருவிரலுக்கு 5 சென்ரிமீற்றர் விட்டு மீதியைத் தையுங்கள். இதே போல் இன்னொன்று. இடது வலது வித்தியாசம் இல்லை. ஒன்று தேய்ந்தால் கை மாற்றிப் போடலாம். டீச்சர் இதைப் பெரிய வசதியாகச் சொல்வார்.

மருத்துவராகச் சில வார்த்தை

கைகளைப் பார்ப்பது இன்று எமது தொழிலில் ஒரு பகுதி. தோட்டத்திலிருந்து வரும் அம்மாமார் வயிற்று வலிக்கு வந்தாலும் கையை ஒருமுறை பார்த்துவிடுவோம்.

பின்னிய கையுறை குளிரைத் தாங்க உதவும். குளிரில் விரல் வெளுத்து வலிப்பவர்களுக்கும், மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் மணிக்கட்டைச் சூடாக வைத்திருப்பது இதம் தரும். ஆனால் அது பாதுகாப்புக் கையுறை அல்ல. மருந்து தெளிக்கும்போது அதை அணியவே கூடாது. நூல் மருந்தை உறிஞ்சித் தோலோடு சேர்த்து வைத்திருக்கும். அந்த வேலைக்கு உரிய உறையை வேலை கொடுப்பவர் தரவேண்டும், கேட்டுப் பெறவேண்டும். நனைந்த கம்பளியைக் கையில் வைத்திருக்கவும் கூடாது. ஈரத்தில் ஊறிய தோல் எளிதில் வெடிக்கும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் எலிக்காய்ச்சல் அதிகம். வெடித்த தோல் வழியாகக் கிருமி உட்புகலாம். சேற்றிலும் நீரிலும் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கடும் தசைவலியும் கண் சிவப்பும் கண்டால், தோட்டத்து மாத்திரையோடு நிற்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். என்ன வேலை செய்தார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து, கையை உதறினால் சற்றுச் சரியாவது போலிருந்தால், அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். காலத்தோடு வந்தால் பிடியின் பலம் போகாமல் காக்கலாம். கொழுந்து எடுத்த கைகளுக்கும், கணினித் தட்டச்சில் நாள் முழுவதும் இருக்கும் அவர்களது பிள்ளைகளின் கைகளுக்கும் இது பொருந்தும்.

கண்காட்சியில்

கோத்தகிரிப் பொதியில் கையுறையோடு, நான்காக மடித்த ஒரு கொப்பித் தாளும் இருந்தது. பென்சில் கோட்டில் ஒரு கை. விரல்கள் அகன்று விரிந்திருக்கின்றன. சுட்டுவிரல் நுனி ஒரு பக்கம் வளைந்திருக்கிறது. தாளின் மூலையில் சிவப்பு மையில் டீச்சரின் கையெழுத்தில் அளவுகள். வேறொன்றும் எழுதியில்லை. அந்த அம்மா கப்பலேறிய பிறகு அதிக காலம் இருக்கவில்லை என்று மகள் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவரிடம் தாயின் புகைப்படம் எதுவும் இல்லை. இந்தத் தாள்தான் இருக்கிறது. கண்காட்சி முடிந்ததும் பத்திரமாகத் திருப்பி அனுப்பும்படி கேட்டிருக்கிறார். அனுப்புவோம்.

மூன்று சோடியும் பிரதான மண்டபத்தின் கண்ணாடி அலுமாரியில் வைக்கப்படும். அருகே வைக்கும் சீட்டில் பின்னிய மாணவியின் பெயரை மட்டும் எழுதுவதாக முதலில் தீர்மானித்திருந்தோம். பிறகு மாற்றிக்கொண்டோம். யாருக்காகப் பின்னப்பட்டதோ அவரின் பெயரும், அவர் வேலை செய்த மலையின் பெயரும் சேர்த்து எழுதப்படும். பிரட்டுக்களத்தில் நாள்தோறும் பேர் போட்ட அந்த அம்மாமாரின் பெயர் எமது பாடசாலையில் ஒருமுறையேனும் எழுதப்படட்டும்.

சகோதரிகளே, உங்கள் றங்குப் பெட்டிகளிலும் அலுமாரிகளிலும் இதே போன்ற கையுறை இருந்தால் அனுப்பி வையுங்கள். கையுறை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அம்மாவின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். அலுமாரியில் இடம் இருக்கிறது.